பால்கோவா ஊரில் நார்ச்சத்து

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. நார்ச்சத்து அதில் துளியும் கிடையாது. அது தாவர உணவில்தான் உண்டு. பக்கத்து ராஜபாளையத்தின் மலையடிவாரத் தோப்புகளில் விளையும் மாம்பழத்தில் இருக்கிறது.

நம் குடலால் செரிக்க முடியாத இந்தச் சத்தில் இரண்டு வகை. கரையும் நார், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது. பெருங்குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. கரையாத நார் மலச்சிக்கலைத் தடுக்கிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் தீட்டிய அரிசியில் இருப்பது சுமார் 3 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராம்.

பால்கோவாவை அளவாகச் சாப்பிடுங்கள். மாம்பழத்தைச் சாறாக வடிகட்டாமல் கடித்துத் தின்னுங்கள். கம்பங்கூழும் கேப்பைக்களியும் வாரத்தில் சில நாளாவது வீட்டில் இருக்கட்டும்.