வளைவில் வழுக்கும் மவுன்டன் பைக்... முன் டயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இறக்கத்தில் வேகமாக வர்றீங்க. எதிரே ஒரு வளைவு. பாதையில் கொஞ்சம் சரளை கிடக்கிறது. சைக்கிளைச் சாய்த்துத் திருப்புகிறீர்கள். அந்த நேரம் பின் சக்கரம் வழுக்கினால் எப்படியாவது சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால்? யோசிக்கக்கூட நேரம் இருக்காது, அடுத்த நொடி தரையில் கிடப்போம்.

அதனால்தான் மவுன்டன் பைக் ஓட்டுபவர்கள் முன் டயரைத் தேர்வு செய்வதில் தனிக் கவனம் செலுத்துகிறார்கள். ஆனால் நம்மில் பலர், இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர், ஒரே காற்று என்றுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். முன் டயரில் அப்படி என்ன இருக்கிறது? வாங்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

முன் டயர் ஏன் முக்கியம்?

சைக்கிள் விழாமல் நிற்பதற்குக் காரணமே, நாம் ஹேண்டில்பாரை இடமும் வலமும் லேசாகத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான். நமக்கே தெரியாமல் கை அதைச் செய்துகொண்டிருக்கும். பின் சக்கரம் வழுக்கும்போது முன் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்கும், அதை வைத்து நிமிர்த்திவிடலாம். முன் சக்கரமே பிடியை இழந்துவிட்டால் திசையும் போச்சு, பேலன்ஸும் போச்சு.

இதைப் புரிந்துகொண்டுதான் டயர் நிறுவனங்கள் முன்பக்கத்துக்கென்றே தனி டயர்களைத் தயாரிக்கின்றன. தைவானின் மேக்ஸிஸ் நிறுவனத்தின் 'மினியன் டிஹெச்எஃப்' டயரில் 'எஃப்' என்ற எழுத்து முன் சக்கரத்தைக் குறிக்கிறது. அதன் ஜோடி 'டிஹெச்ஆர்', பின் சக்கரத்துக்காக உருவானது. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனமும் 'கிரிப்டோடல்' டயரை முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு வகையாக விற்கிறது.

ஓரத்து பட்டன்களைப் பாருங்க!

கடையில் டயரைக் கையில் எடுத்ததும் எல்லோரும் நடுவில் இருக்கும் பட்டன்களைத்தான் பார்ப்போம். நேராகப் போகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வேலை செய்வது அவை. வளைவில் சைக்கிள் சாயும்போது மண்ணைக் கடித்துப் பிடிப்பது ஓரத்தில் இருக்கும் பட்டன்கள். அவை தடிமனாக, அடிப்பாகம் அகலமாக, வரிசையாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். லேசாகத் தள்ளினாலே மடங்கினால் வளைவிலும் மடங்கும்.

நடு பட்டனுக்கும் ஓர பட்டனுக்கும் இடையே இருக்கும் இடைவெளியும் முக்கியம். மினியன் டிஹெச்எஃப் டயரில் இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். சைக்கிளைத் தைரியமாகச் சாய்த்தால் ஓர பட்டன்கள் கச்சிதமாகப் பிடிக்கும். அரைகுறையாகச் சாய்த்தால், நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல் கொஞ்சம் மிதப்பது போல இருக்கும். அதே நிறுவனத்தின் 'அசகாய்' டயரில் இந்த இடைவெளியிலும் பட்டன்கள் உண்டு. அதனால் கொஞ்சம் சாய்த்தாலும் பிடிமானம் சீராகக் கிடைக்கும், ஆனால் மிதிக்கக் கொஞ்சம் கனமாகத் தெரியும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டாவது வகை நம்பிக்கை தரும்.

எந்த மண்ணுக்கு எந்த பட்டன்?

ஈரமான சேற்றுப் பாதைக்கு, உயரமான, தள்ளித் தள்ளி இருக்கும் பட்டன்கள் தேவை. அவை மண்ணுக்குள் இறங்கும், ஒட்டிய சேற்றையும் உதறிவிடும். ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனத்தின் 'மேஜிக் மேரி' இதற்குப் பெயர் பெற்றது.

காய்ந்து இறுகிய தரையில் இதே உயரமான பட்டன்கள் வளைந்து நெளியும். அங்கே நடுத்தர உயரத்தில், நெருக்கமாக இருக்கும் பட்டன்கள் நல்லது. இறுகிய தரை மேல் தூசியும் சரளையும் கிடக்கும் பாதைதான் ரொம்ப ஏமாற்றும். அங்கே நடுத்தர உயரமும் உறுதியான ஓர பட்டன்களும் சேர்ந்த டயரைத் தேர்வு செய்யலாம்.

ரப்பர் மென்மையா, கடினமா?

ஒரே பெயர், ஒரே பட்டன் அமைப்பு. ஆனால் விலை மட்டும் வேறு வேறு. காரணம், பெரும்பாலும் ரப்பரும் டயரின் உள்கட்டமைப்பும்தான். மென்மையான ரப்பர் பாறையிலும் ஈர வேரிலும் ஒட்டிப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், மிதிக்கவும் கனமாக இருக்கும்.

மேக்ஸிஸ் டயர்களில் 'மேக்ஸ்கிரிப்' என்றால் மிக மென்மை, 'மேக்ஸ்டெர்ரா' என்றால் நடுத்தரம். ஷ்வால்பேயின் 'அடிக்ஸ்' வரிசையில் ஊதா நிறக் கோடு இருந்தால் மிக மென்மை, ஆரஞ்சு என்றால் அதற்கு அடுத்தது. மிதிக்கும் விசையைத் தாங்குவது பின் டயர் என்பதால் அதுதான் வேகமாகத் தேயும். ஆகவே முன்னால் மென்மை, பின்னால் கொஞ்சம் கடினம் என்பதே பலரும் பின்பற்றும் கணக்கு.

அகலம் எவ்வளவு?

மலைப்பாதைக்கு முன்பக்கம் 2.4 முதல் 2.5 அங்குலம் வரை இன்று சகஜம். ஆனால் ரிம்மும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மேக்ஸிஸ் டயரில் 'டபிள்யூடி' என்று போட்டிருந்தால், உள் அகலம் 30 முதல் 35 மில்லிமீட்டர் உள்ள ரிம்முக்காக வடிவமைத்தது என்று அர்த்தம். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால், வளைவில் டயர் பக்கவாட்டில் ஆடும்.

டயரின் பக்கவாட்டில் 63-622 போன்ற எண் இருக்கும். 63 என்பது மில்லிமீட்டரில் அகலம். 622 என்பது ரிம் அளவு, அதாவது 29 அங்குல சக்கரம். 27.5 அங்குலத்துக்கு 584, பழைய 26 அங்குலத்துக்கு 559. வாங்கும் முன் இந்த எண்ணைச் சரிபாருங்கள். முன் ஃபோர்க்கில் அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்று அதிகமானால் கிரிப் போகும்

எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும் கல் போல காற்றடித்தால் பயனில்லை. டயர் கல்லின் மீது படிந்து போகாமல் துள்ளும். டயரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவு, தாண்டக் கூடாத எல்லை. அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

சுமார் 70 கிலோ எடை உள்ளவர், 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயரின் முன்பக்கத்தில் 22 முதல் 25 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். ட்யூப் இருந்தால் 27 முதல் 30 வரை. பின்னால் 2 அல்லது 3 கூடுதலாக இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் இடித்தாலோ, வளைவில் டயர் மடங்கினாலோ குறைத்தது போதும், கொஞ்சம் ஏற்றுங்கள். டயரில் குறைந்தபட்ச அளவு அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

பலர் செய்யும் தவறு

"பின் டயர் மொட்டை ஆயிடுச்சு, முன்னாடி இருக்குறது நல்லாதான் இருக்கு. ரெண்டையும் மாத்திப் போட்டுடலாம்!" இப்படி ஒரு யோசனை அடிக்கடி காதில் விழும். தயவுசெய்து வேண்டாம். தேய்ந்த டயர் முன்னால் போகவே கூடாது. முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும், அதையும் பார்த்து மாட்டுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையா?

தார்ச்சாலையில் ஆபீசுக்கும் டியூஷனுக்கும் போய்வர மட்டும் மவுன்டன் பைக் வைத்திருக்கிறீர்களா? இவ்வளவு செலவு வேண்டாம். தாரில் பெரிய பட்டன்கள் பிடியைக் கூட்டாது, சீக்கிரம் தேய்ந்து காசுதான் போகும். பட்டன் தாழ்வான டயரே போதும்.

மண் பாதையில் இறங்குபவர்கள் அடுத்த ரைடுக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். முன் டயரின் ஓர பட்டன்களின் அடியில் விரிசலோ கிழிசலோ இருக்கிறதா, ரப்பர் இறுகிவிட்டதா, காற்று எவ்வளவு என்று பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓரளவுதான். அதைப் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால், திரும்புவதற்கு மிச்சம் இருக்காது.