முழுங்க சிரமமா? உணவுக்குழாய் புற்றுநோய் பற்றிச் சில குறிப்புகள்

உணவுக்குழாய் என்பது தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவில் இருக்கிற, சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். செரிமான வேலை எதுவும் அதற்குக் கிடையாது. வந்ததைக் கீழே தள்ளிவிடும், அவ்வளவுதான். இவ்வளவு எளிய உறுப்பில் வருகிற புற்றுநோய் ஏன் இத்தனை தாமதமாகப் பிடிபடுகிறது? உறவினர் ஒருவரின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, நெட்ல பாத்து சொல்லுப்பா" என்று கேட்டார்கள். அப்போது நான் தேட ஆரம்பித்தது இந்தக் கேள்விக்குத்தான்.

முதல் காரணம், அந்தக் குழாய் விரிந்து கொடுக்கும். உள்ளே ஒரு பக்கம் கட்டி வளர்ந்தாலும் மீதிச் சுவர் சமாளித்துக்கொள்ளும். வழி சுமார் 13 மி.மீ.க்குக் கீழே சுருங்கிய பிறகுதான் கெட்டியான உணவு சிக்குவது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் நாமேதான். முதலில் சப்பாத்தியும் கறியும் சிக்கும். யாரும் உடனே டாக்டரிடம் போவதில்லை. நன்றாக மென்று, கூடவே தண்ணீர் குடித்துப் பார்ப்போம். அப்புறம் சாம்பாரில் ஊறின இட்லி, அப்புறம் குழைந்த ரசம் சாதம், கடைசியில் கஞ்சி. "வயசாச்சு, பல்லு சரியில்ல" என்று வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் உறவினர் இந்தப் படிகளில் நாலு மாதமாக இறங்கியிருக்கிறார். எர்ரரை ஒவ்வொரு தடவையும் அமுக்கிவிட்டு புரோகிராமை ஓடவிடுவது மாதிரிதான் இது. சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள்.

மூன்றாவது, உடலமைப்பு. குடலைச் சுற்றி செரோசா என்றொரு மெல்லிய வெளியுறை உண்டு; உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அது கிடையாது. மூச்சுக்குழாயும் பெருந்தமனியும் பக்கத்திலேயே இருக்கின்றன. குரலுக்கான நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறது. அதனால்தான் முற்றிய நிலையில் சிலருக்குக் குரல் கரகரக்கிறது.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஸ்குவாமஸ் செல் வகை பெரும்பாலும் குழாயின் மேல், நடுப் பகுதிகளில் வரும். இந்தியாவில் அதிகம் இதுதான். புகையிலை (பீடி, சிகரெட், மெல்லுவது எல்லாமே), மது, பாக்கு ஆகியவை தெரிந்த காரணிகள்.

ஆனால் ஈரானின் வடகிழக்கில் கோலஸ்தான் என்றொரு மாகாணம். அங்கே மது, சிகரெட் பழக்கம் குறைவு, ஆனாலும் இந்த நோய் மிக அதிகம். 2004இல் தொடங்கி 50,045 பேரைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். "சூடாகக் குடிப்பீர்களா?" என்று கேட்பதோடு விடவில்லை. டீயில் தெர்மாமீட்டரை வைத்து, 75 டிகிரியிலிருந்து ஐந்து ஐந்தாக ஆறவிட்டு, "இந்தச் சூட்டிலா குடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 60 டிகிரி அல்லது அதற்கு மேல், தினமும் 700 மி.லி.க்கு மேல் குடிப்பவர்களுக்கு, ஆறவைத்துக் குறைவாகக் குடிப்பவர்களைவிட ஆபத்து சுமார் 90 சதவீதம் அதிகம் என்று 2019இல் வெளியிட்டார்கள். பயமுறுத்தும் எண்தான். ஆனால் சராசரியாகப் பத்து வருடம் கவனித்ததில் மொத்தம் நோய் வந்தது 317 பேருக்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே அபின் பழக்கமும் ஒரு காரணி.

65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களைப் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சேர்த்தது. குறை சூட்டின் மேல்தான், டீ காபி மேல் இல்லை. டவரா டம்ளரில் ஆற்றிக் குடிப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு வகை அடினோகார்சினோமா. இது குழாயின் அடிப்பகுதியில் வரும், மேற்கு நாடுகளில் அதிகம். பல வருட எதுக்களிப்பு, உடல் பருமன் ஆகியவற்றோடு தொடர்புடையது. அமிலம் பட்டுப் பட்டு, உள்தோல் குடல் தோல் மாதிரி மாறிவிடுவதை பாரெட் உணவுக்குழாய் என்கிறார்கள். அப்படி மாறியவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. மாத்திரையில் எரிச்சல் அடங்கிவிடும் என்பதால், மாற்றம் இருக்கிறதா என்பதை எரிச்சலை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பது எண்டோஸ்கோபியில். சில நிமிட வேலை. சந்தேகமான இடத்தில் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். மேல்தோலோடு நிற்கும் கட்டியை எண்டோஸ்கோபி வழியாகவே சீவி எடுத்துவிட முடியும். ஆழமாகப் போயிருந்தால் பெரும்பாலும் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து, பிறகு குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையையே குழாய் மாதிரி மேலே இழுத்துத் தைக்கிறார்கள். பெரிய ஆபரேஷன். வீட்டில் யாராவது சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேட ஆரம்பித்தால், இரைப்பை-குடல் டாக்டரிடம் அந்த வாரமே அழைத்துப் போங்கள்.