இரு கணிப்பொறிகளிடையே கோப்புப் பகிர்வு: தடையைக் கண்டறியும் முறை

இல்லத்திலுள்ள இரு கணிப்பொறிகள் ஒரே வலையில் சேர்ந்திருந்தும், ஒன்றிலுள்ள கோப்பை மற்றொன்றில் திறக்க இயலாமற் போவதுண்டு. விண்டோஸ் முறையில் இயங்கும் பொறிகளில் இத்தடையை இணைப்பு, காவல், உரிமை என்னும் மூன்று படிகளில் வரிசையாக ஆராய்தல் நலம்.

முதலாவது இணைப்பு. ‘ஐபிகான்ஃபிக்’ என்னும் கட்டளையை இட்டால் ஒவ்வொரு பொறியின் எண்முகவரியும் தெரியவரும். சாதாரண இல்ல வலையில் அவை 192.168.1.5, 192.168.1.8 என்றாற்போல, இறுதி எண்ணில் மட்டும் வேறுபட்டிருக்கும். முகவரி 169.254 எனத் தொடங்கினால், அப்பொறி ரௌட்டரிடமிருந்து முகவரி பெறவில்லை என்பது பொருள்.

இரண்டாவது காவல். விண்டோஸ் வலைகளைப் ‘பொது’, ‘தனி’ என இருவகையாகக் கருதுகிறது. பொது வலையில் ‘ஃபயர்வால்’ எனப்படும் காவற்சுவர் பகிர்வைத் தடுத்து நிற்கும். ஆகவே இல்ல வலையைத் ‘தனி’ என மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குதல் வேண்டும். பின்னர், கோப்புகளை உடைய பொறியின் முகவரியை, முன்னே இரு பின்சாய்கோடுகள் இட்டு, மற்றப் பொறியில் எழுதிப் பார்க்க வேண்டும். பெயரால் அகப்படாத பொறி முகவரியால் அகப்பட்டால், குறை பெயரறிதலில் மட்டுமே உள்ளது. கடவுச்சொல் கேட்கப்பட்டால் அதைத் தோல்வியெனக் கொள்ளலாகாது. முதலிரு படிகளும் செம்மையாக உள்ளன என்பதற்கு அதுவே சான்றாகும்.

மூன்றாவது உரிமை. இங்கே தரவேண்டியவை, கோப்புகளை உடைய பொறியிலுள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் ஆகும். பொறியைத் திறக்கும் ‘பின்’ எண் இங்குப் பயன்படாது. பகிர்வுக்குத் தந்த உரிமையும் கோப்புறைக்குரிய உரிமையும் வேறுபட்டால், அவற்றுள் குறுகியதே செல்லும்.

தடை நீங்காதபோது சிலர் காவற்சுவரையே முழுவதும் அகற்றிவிடுகின்றனர். வேறு சிலர் எஸ்.எம்.பி. என்னும் பகிர்வு நெறியின் பழைய முதற்பதிப்பை இயக்குகின்றனர். இரண்டும் தவிர்க்கத்தக்கன. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல், விண்டோஸில் இம்முதற்பதிப்பைக் கையாளும் பகுதியிலிருந்த குறையின் வழியாகவே பொறிக்குப் பொறி தாவிக் கோப்புகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைப் பணிகள் தடைப்பட்டன. அக்குறைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தும், அதனை ஏற்காத பொறிகள் இரையாயின.

மாணவர் மதிப்பெண்களையும் களக்குறிப்புகளையும் இல்லத்துப் பொறிகளில் வைத்திருப்போர், தேவையான ஒரு கோப்புறையை மட்டும், தேவையான ஒருவருக்கு மட்டும் பகிர்வதே போதுமானது.