தலை, உடம்பு, ஒரு சாய்வுக் கோடு

'எச்.டி.எம்.எல்.லா? அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு சார்!' என்று நழுவுகிற ஆபீஸ் நண்பரிடம் நாற்பது கட்டளைகளை அடுக்காதீர்கள். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட பட்டியலிலேயே 18 டேக்தான்!

நோட்பேடைத் திறக்கச் சொல்லுங்கள். பக்கம் என்பது ஓர் ஆசாமி. மேலே ஹெட், அதாவது தலை. கீழே பாடி, உடம்பு. இரண்டையும் போர்த்துகிற சால்வை, எச்.டி.எம்.எல். டேக். தலைக்குள் இருக்கும் டைட்டில், பிரவுசரின் மேல்விளிம்பில் தெரியும். உடம்பில் எழுதுவதுதான் பக்கத்தில் வரும்.

திறந்ததைச் சாய்வுக் கோடு போட்டு மூட வேண்டும். பாடியை மூடாவிட்டால் பிரவுசர் பெரிய மனசு பண்ணி மன்னிக்கும். டைட்டிலை மறந்தீர்களோ, போச்சு! பின்னால் எழுதிய அத்தனையையும் தலைப்பு என்றே விழுங்கிவிட்டு வெள்ளைப் பக்கத்தை நீட்டும்.

வேண்டுமென்றே ஒருமுறை அப்படிச் செய்து காட்டுங்கள். மனுஷர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்!