குனிந்தால் கால் எட்டலையா? யோகாவுக்கு ஒரு துண்டும் சுவரும் போதும்!

நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நன்றாக விடிந்திருக்கும். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால் கனக்கும், இடுப்பு இறுகிக் கிடக்கும். மொபைலில் ஒரு யோகா வீடியோ. அதில் வருபவர் சாதாரணமாகக் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கிறார். பார்ப்பவரின் விரலோ முழங்காலைத் தாண்ட மறுக்கிறது. மூன்று நாள் முயற்சி செய்துவிட்டு, நான்காம் நாள் "நமக்கெல்லாம் இது செட் ஆகாதுப்பா" என்று வீடியோவை மூடிவிடுகிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகிற பலருக்கும் பழக்கமான காட்சி இது. உண்மையில் அவர்களுக்கு வேண்டியது கொஞ்சம் உயரமான தரை. அதைத் தருபவைதான் 'யோகா ப்ராப்ஸ்', அதாவது துணைக்கருவிகள். கட்டை, பட்டை, திண்டு, நாற்காலி, சுவர் எல்லாம் இதில் அடங்கும்.

ஃபிக்ஸ்சர் மாதிரிதான்!

லைனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வெல்டிங் செய்ய வேண்டிய பாகத்தை யாரும் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஃபிக்ஸ்சரில் பொருத்திய பிறகுதான் டார்ச்சைத் தொடுவார்கள். பாகம் பலவீனமாக இருப்பதாலா? இல்லை, கோணம் தப்பக் கூடாது என்பதற்காக. ஆசனத்தில் கட்டையும் பட்டையும் செய்கிற வேலையும் இதுவே.

யார் தொடங்கியது?

இன்று உலகம் முழுக்க யோகா வகுப்புகளில் கட்டையும் பெல்ட்டும் இருக்கக் காரணமானவர்களில் முதன்மையானவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-ல் கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்தவர். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து தாக்கியதில் மிகவும் மெலிந்துபோனார். மைசூரில் தன் அக்காள் கணவரான டி. கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகா கற்றார். அந்தக் கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் குடியேறியது சென்னையில்தான்.

1937-ல் புனேவுக்குக் கற்பிக்கப் போன ஐயங்காரிடம் முதியவர்கள், முதுகுவலிக்காரர்கள், மூட்டு இறுகியவர்கள் எல்லாம் வந்தார்கள். 'முடியாது' என்று அவர்களைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, கைக்குக் கிடைத்த பொருள்களை வைத்து ஆசனத்தை அவர்கள் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார். மரக்கட்டை, கயிறு, போர்வை, மடக்கு நாற்காலி எல்லாம் இப்படித்தான் வகுப்பறைக்குள் வந்தன. தனக்கு வயதானபோதும் அதே கருவிகளின் துணையோடு பயிற்சியைத் தொடர்ந்தார். 2014-ல், 95 வயதில் காலமானார்.

"அப்போ இது புது கண்டுபிடிப்பா?" என்றால், அப்படியும் சொல்ல முடியாது. யோக நரசிம்மர் சிலையையோ ஐயப்பன் படத்தையோ பாருங்கள். மடித்த முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை ஓடும். அதன் பெயர் யோகபட்டம். நீண்ட நேரம் ஒரே நிலையில் உட்கார உடம்பைத் தாங்குவதற்கான பட்டை அது. இன்றைய யோகா பெல்ட்டுக்குத் தாத்தா என்றே சொல்லலாம்.

உடம்பில் என்ன நடக்கிறது?

தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பெலும்பின் அடிப்பகுதியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை போகின்றன. இவை இறுகியிருந்தால், குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் சாயாது. பாக்கி வளைவு முழுவதும் கீழ்முதுகின் தலையில் விழும். 'எப்படியாவது காலைத் தொட்டுடணும்' என்று எம்பி எம்பிக் குனிபவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

சம்மணம் போட்டு உட்காரும்போதும் இதே கதை. முதுகு கூன் விழும். நான்காக மடித்த ஒரு ஜமக்காளத்தை உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இடுப்பு சற்று உயர்ந்ததும் முதுகு தானாக நிமிரும்.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன்பு முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இருக்கிறது. ஆனால் தப்பாகச் செய்தால் அதே முதுகுதான் அடிவாங்கும்.

கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்க

* கட்டை: கடையில் கிடைக்கும் ஃபோம் கட்டை சுமார் 9 அங்குல நீளம், 6 அங்குல அகலம். அதற்குப் பதிலாக, தடிமனான இரண்டு மூன்று புத்தகங்களைச் சணலால் இறுகக் கட்டினால் போதும். திரிகோணாசனத்தில் கையை அதன்மேல் ஊன்றினால் மார்பு கீழே கவிழாது.
* பட்டை: துண்டு, பழைய துப்பட்டா, காட்டன் பெல்ட். இழுத்தால் நீளும் எலாஸ்டிக் வேண்டாம்.
* திண்டு: தலையணையைப் போர்வையில் இறுகச் சுருட்டிக்கொள்ளலாம்.
* நாற்காலி: நான்கு கால் உள்ள உறுதியான இரும்பு நாற்காலி. சுவரை ஒட்டிப் போடவும். சக்கரம் வைத்த ஆபீஸ் சேர், ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல் கூடவே கூடாது.
* சுவர்: காசே இல்லாத, மிகச் சிறந்த கருவி.

டைல்ஸ் தரையில் போர்வை வழுக்கும். அடியில் யோகா மேட் கட்டாயம்.

ஷிஃப்ட் முடிந்து 15 நிமிடம்

காலை டிபனுக்கு முன் செய்யலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும்.

1. சுவரில் கை (2 நிமிடம்): இடுப்பு உயரத்தில் உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, உடம்பு 'ட' வடிவத்தில் மடங்கும்வரை பின்னால் நடக்கவும். முதுகு வளைந்தால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாம்.
2. துண்டில் கால் (3 நிமிடம்): மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டை மாட்டிக் காலை மேலே தூக்கவும். இன்னொரு கால் தரையில் நீண்டிருக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை நிமிடம். கால் செங்குத்தாக வர வேண்டிய அவசியமில்லை.
3. சுவரில் கால் (5 நிமிடம்): இடுப்புக்கு அடியில் மடித்த போர்வை, கால்கள் சுவரில் மேல்நோக்கி. நின்று நின்று காலில் தேங்கிய ரத்தம் இறங்க உதவும்.
4. சவாசனம் (5 நிமிடம்): முழங்காலுக்கு அடியில் தலையணைச் சுருள். கீழ்முதுகு தளரும். பகலில் தூங்கப் போகிறவர்களுக்கு இது நல்ல முன்னோட்டம்.

யார் கவனமாக இருக்கணும்?

கர்ப்பிணிகள், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், இதய நோய், கிளாக்கோமா உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்கினாலோ, மரத்துப்போனாலோ அது யோகா வீடியோ பார்த்துச் சரிசெய்கிற விஷயமில்லை. இழுப்பது தெரியலாம், குத்தக் கூடாது. குத்தினால் கட்டையின் உயரத்தைக் கூட்டுங்கள், இல்லை நிறுத்துங்கள்.

சப்போர்ட் கேட்பது தப்பில்லை

நின்றே வேலை பார்ப்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உடம்புக்குத் தாங்கல் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் பார்க்காத அறையில், ஒரு தலையணையை வைத்துக்கொள்ள மட்டும் ஏன் கூச்சம்?

நாளைக்குக் காலை கை தரையைத் தொடாமல் போகலாம். புத்தகக் கட்டைத் தொட்டால் போதும். ஒரு மாதம் கழித்து அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிட முடிகிறதா என்று பாருங்கள்.