பூட்டு விழுவதற்கு முன்

 

ஒரு ஜும்ஆவுக்குப் பின் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலின் வாயிலில் ஒருவர் கையில் மனுவோடு நின்றிருந்தார். மூன்று மாத வாடகை பாக்கி. மனைவியின் மருத்துவச் செலவில் கையிருப்பு கரைந்துவிட்டது. பத்து நாட்களுக்குள் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர் கூறிவிட்டார். மனுவை வாங்கி நிர்வாகத்தாரிடம் ஒப்படைத்தேன். நிர்வாகக் குழு மாதம் ஒரு முறைதான் கூடும். அது கூடி, விசாரித்து, தொகையை ஒதுக்கியபோது இருபத்து நான்கு நாட்கள் கடந்திருந்தன. பணத்தோடு சென்றவர்கள் பூட்டிய வீட்டைக் கண்டு திரும்பினார்கள். எவரும் கெட்ட எண்ணத்தோடு தாமதிக்கவில்லை. ஆயினும் பத்தாம் நாளில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே தொகை, இருபத்து நான்காம் நாளில் எதற்கும் உதவாமல் போயிற்று. அந்தக் குடும்பத்துக்குப் புதிய வீடு பிடித்துத் தர அதைப்போல் மூன்று மடங்கு தேவைப்பட்டது.

எவ்வளவு கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் நாம், எந்த நாளில் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, கணக்கிட்டு, விடை கண்டிருக்கிறார்கள் அமெரிக்காவின் இரு மாநகரங்களில். அதை நம் குடும்பங்கள் அறிவது நல்லது என்பதால் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் சிகாகோ. அந்நகரில் வாடகை கட்ட இயலாமல் தவிப்பவர் 311 என்ற நகரத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அங்கிருந்து வீடிழப்பைத் தடுக்கும் அழைப்பு மையத்துக்கு இணைப்பு கிடைக்கும். மையத்தை நடத்துவது கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த ஒரு தொண்டு நிறுவனம். உதவி எல்லோருக்கும் கிடைத்துவிடாது. வேலை இழப்பு, நோய் போன்ற எதிர்பாராத இடர் ஏற்பட்டிருக்க வேண்டும். வீட்டை இழக்கும் ஆபத்து நெருங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு முறை உதவினால் அடுத்த மாதம் முதல் அவரே வாடகையைக் கட்டிக்கொள்வார் என்று தெரிய வேண்டும். தேவைப்படும் தொகையும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். பணம் அழைத்தவரின் கைக்கு வருவதில்லை. நேரே வீட்டுச் சொந்தக்காரருக்குச் செல்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு மார்க்க விளக்கம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியோரும் உண்டு என்பது நாம் அறிந்ததே. வாடகை பாக்கியும் கடன்தான். ஆனால் ஹனஃபி ஃபிக்ஹில் ஜகாத் நிறைவேற, பெறுபவர் அப்பொருளுக்கு உரிமையாளராக ஆக்கப்பட வேண்டும். அப்படியானால் ஜகாத் பணத்தை நேராக வீட்டுக்காரரிடம் கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கடன்பட்டவரின் அனுமதி பெற்று அவர் சார்பில் கட்டினால் கூடும் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அனுமதி கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதை விட்டுவிடாதீர்கள்.

சிகாகோவின் நிலைமைக்கு வருவோம். மையத்திடம் பணம் எப்போதும் இருப்பதில்லை. அரசு நிதி, தனியார் நன்கொடை எனப் பல வாய்க்கால்களிலிருந்து வரும் நிதி அது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் தீர்ந்திருக்கும். அழைப்பவருக்கோ அது தெரியாது. திங்கட்கிழமை அழைத்த தாய்க்கு வாடகை கட்டப்பட்டிருக்கும். அதே நிலையில் உள்ள இன்னொரு தாய் வியாழக்கிழமை அழைத்திருப்பார், "இப்போது நிதி இல்லை" என்ற பதிலே அவருக்குக் கிடைத்திருக்கும். இருவருக்கும் தேவையில் வேறுபாடில்லை. அழைத்த நாள்தான் வேறு.

நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் இந்த வேதனையான தற்செயலையே ஆய்வுக் கருவியாக்கினார்கள். நிதி இருந்த நாளில் அழைத்தவர்களையும் நிதி இல்லாத நாளில் அழைத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. அழைத்த ஆறு மாதங்களுக்குள் வீடற்றோர் விடுதிக்குச் செல்லும் வாய்ப்பு, நிதி இருந்த நாளில் அழைத்தவர்களிடம் 76 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்த எண்ணைக் கேட்டதும் வியக்கத் தோன்றும். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் இதற்கு உண்டு. நிதி கிடைக்காதவர்களிலும் அந்த ஆறு மாதத்தில் விடுதிக்குச் சென்றவர்கள் நூற்றுக்கு இருவர் அளவே. அப்படியென்றால் மற்றவர்களுக்குக் கொடுத்தது வீணா? கணக்கு மட்டும் பார்ப்பவர் அப்படிக் கேட்கலாம். ஆய்வு எண்ணியது விடுதிப் பதிவேட்டில் ஏறிய பெயர்களைத்தான். தங்கை வீட்டின் ஒரே அறையில் எட்டுப் பேராக ஒண்டிக்கொண்டவரும், வட்டிக்கு வாங்கி வாடகை கட்டியவரும் அந்தப் பதிவேட்டில் இல்லை. வட்டியின் நெருப்பு என்னவென்று நமக்குத் தெரியும். எனினும் ஆய்வாளர்கள் எல்லோருக்கும் ஆன செலவையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். ஒருவர் வீடற்றவராவதைத் தடுக்க ஆகும் செலவு 10,300 டாலர். தடுப்பதால் விளையும் நன்மையின் மதிப்பு, உடல்நலம் சார்ந்த பல பயன்களைச் சேர்க்காமலேயே, 20,000 டாலருக்கு மேல். மிக வறியவர்களைத் தேர்ந்து கொடுத்தால் செலவு இன்னும் குறையும் என்றும் எழுதினார்கள்.

நியூயார்க்கின் நிலை வேறு. 1981-இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஓர் உடன்பாட்டின்படி, வீடற்ற ஆண்களுக்குப் படுக்க இடம் தருவது மாநகரத்தின் சட்டக் கடமையாயிற்று. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் அது பின்னர் விரிந்தது. 2024-இல் புதிதாக வந்த குடியேறிகள் விஷயத்தில் சில வரம்புகள் விதிக்கப்பட்டாலும் அடிப்படைக் கடமை நீடித்தது. ஆகவே அங்கே ஒரு குடும்பம் வீட்டை இழந்தால் மறுநாளே அதன் செலவு நகரக் கருவூலத்தின் மேல் விழும். வெளியேற்றத்தைத் தடுப்பது இரக்கம் மட்டுமன்று, நகரத்தின் சொந்த நலனும் ஆகும்.

2004-இல் அந்நகரம் 'ஹோம்பேஸ்' என்ற திட்டத்தை ஆறு பகுதிகளில் தொடங்கியது, பின்னர் நகரம் முழுவதும் விரித்தது. பணம் நகரத்துடையது. அலுவலகங்களை நடத்துவன தொண்டு நிறுவனங்கள். அரசே ஏன் நேரடியாக நடத்தவில்லை என்று கேட்கலாம். அந்தந்தத் தெருவின் மொழி தெரிந்தவர், வீட்டுக்காரரிடம் பேசி அவகாசம் வாங்கத் தெரிந்தவர், அரசு முத்திரையைக் கண்டாலே அஞ்சும் குடியேறியின் நம்பிக்கையைப் பெற்றவர் தொண்டு நிறுவனத்தில்தான் எளிதில் கிடைப்பார். பாக்கியைக் கட்ட உதவுவது, உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, வேலை தேடித் தருவது எனப் பல பணிகளை அவர்கள் செய்கிறார்கள்.

இத்திட்டம் பயன் தருகிறதா என்று அறிய 2010-இல் நகரம் ஒரு சோதனையைத் தொடங்கியது. உதவி கேட்டு வந்த 295 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஹோம்பேஸ் உதவி. மறு பாதிக்கு இரண்டு ஆண்டுகள் அந்த உதவி இல்லை, வேறு இடங்களின் முகவரி மட்டும் கொடுக்கப்பட்டது. நகரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பயனறியாமல் மக்கள் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். 2013-இல் முடிவு வந்தது. உதவி மறுக்கப்பட்ட குடும்பங்களில் 14.5 விழுக்காட்டினர் ஓரிரவேனும் விடுதியில் கழித்தனர். உதவி பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. திட்டம் பயன் தருகிறது என்பது நிரூபணமாயிற்று.

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். அந்த ஆய்வினால் திட்டம் நிலைபெற்றது, பல குடும்பங்கள் பயனடைந்தன என்பது உண்மை. ஆனால் பிள்ளைகளோடு கதவைத் தட்டி வந்தவரிடம் "உங்கள் சீட்டு விழவில்லை" என்று சொல்லி அனுப்பும் துணிவு எனக்கில்லை. சிகாகோவில் பணம் தீர்ந்ததால் மறுத்தார்கள். இங்கே அறிவதற்காக மறுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்றே என் மனம் சொல்கிறது. கற்றறிந்தவர்கள் மாறுபடக்கூடும்.

வாடகைப் பணம் மட்டும் போதாது என்பதையும் நியூயார்க் கண்டுகொண்டது. அங்கே ஒருவரைச் சட்டப்படி வெளியேற்ற வேண்டுமானால் முதலில் பாக்கியைக் கேட்டு 14 நாள் அவகாசத்தோடு கடிதம் தர வேண்டும். பிறகு வழக்கு. தீர்ப்புக்குப் பின்னும் மார்ஷல் எனப்படும் அதிகாரி 14 நாள் அறிவிப்பு தந்தே கதவுக்கு வர முடியும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அவகாசங்கள் இவை. இந்த ஒவ்வொரு படியிலும் வெளியேற்றத்தை நிறுத்த வழியுண்டு. ஆனால் அதை அறிந்தவர் வழக்கறிஞரே. 2013-இல் நியூயார்க் வீட்டு நீதிமன்றத்தில் வழக்கறிஞரோடு நின்ற குடியிருப்பாளர் நூற்றுக்கு ஒருவர்தான். வீட்டுச் சொந்தக்காரர்களோ ஏறத்தாழ அனைவருமே வழக்கறிஞரோடு வந்தார்கள்.

2017-இல் அந்நகரம், வெளியேற்ற வழக்கை எதிர்கொள்ளும் வறியவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. வழக்கறிஞர்களைத் தருவன இங்கும் நகர நிதி பெறும் தொண்டு நிறுவனங்களே. சில ஆண்டுகளில் நகரம் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு வழக்கறிஞர் கிடைத்த குடும்பங்களில் 84 விழுக்காட்டினர் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து வாழ முடிந்தது. சான் பிரான்சிஸ்கோ 2018-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் வருமான வரம்பே இல்லாமல் இவ்வுரிமையை ஏற்படுத்தியது.

இத்தனைக்கும் பிறகு சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? மீண்டும் அதே இடத்தில்தான், நாள் கணக்கில். கொரோனா காலத் தடை 2022 ஜனவரியில் முடிந்ததும் வழக்குகள் குவிந்தன. வழக்கறிஞர் எண்ணிக்கை போதவில்லை. சட்டத்தில் உரிமை இருந்தும், புதிய வழக்குகளை ஏற்க இயலாதென்று தொண்டு நிறுவனங்கள் சொல்ல நேர்ந்தது. மற்றொரு பக்கம், நகரம் ஒப்பந்தப் பணத்தைத் தாமதமாகத் தருவதால் நிறுவனங்கள் கடன் வாங்கி ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தன. 2022-இல் மேயரும் நகரத்தின் கணக்குத் தலைவரும் இணைந்து பணிக்குழு அமைத்துத் தேங்கிக் கிடந்த ஒப்பந்தங்களை முடித்துவைத்தபோது விடுவிக்கப்பட்ட தொகை 400 கோடி டாலருக்கும் அதிகம். வாடகை பாக்கியால் வீடிழப்பவரைக் காக்கும் நிறுவனமே, தன் அலுவலக வாடகைக்குத் திண்டாடும் நிலை! வரவு செலவுத் திட்டத்தில் தொகை எழுதப்படுவது ஒன்று. அது உரிய நாளில் சென்று சேர்வது வேறொன்று.

ஃபிக்ஹு நூல்கள் குடியிருக்கும் வீட்டை மனிதனின் அடிப்படைத் தேவையாகக் கொள்கின்றன. ஜகாத் பெறத் தகுதியுண்டா என்று பார்க்கும்போது அவ்வீட்டின் மதிப்பைச் சேர்ப்பதில்லை. வீட்டை விற்று உண்டபின் வா என்று எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது இதன் பொருள். சொந்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு என்றால், வாடகை வீட்டிலிருப்பவர் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வரும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

அந்தப் பூட்டிய வீட்டைக் கண்டுவந்த பின் எங்கள் நிர்வாகத்தாரிடம் இதை எடுத்துரைத்தேன். இரண்டு கூட்டங்களில் வாக்குவாதம் நடந்தது. "அவசரத்தில் கொடுத்தால் ஏமாற்றுபவர் வாங்கிப் போவார்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இறுதியில், வாடகை பாக்கிக்கென ஒரு சிறு தொகை பொருளாளரிடம் தனியே வைக்கப்பட்டது. மனு வந்தால் மூவர் அன்றே வீட்டுக்காரரை நேரில் கண்டு விசாரிப்பார்கள். உண்மை என்றால் கூட்டத்துக்குக் காத்திராமல் அவர் கையிலேயே கட்டி ரசீது வாங்கிவிடுவார்கள். சென்ற ரமளானில் முதல் மனு வந்தது. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் ரசீது என் கைக்கு வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.