ஆண்டிஸ் ஏறிய நீராவி

பெரு நாட்டின் செர்ரோ டி பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்கள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் ஆழக் குழிகளில் நீர் ஊறி நிறைந்து, வேலை முடங்கியிருந்தது. நீரை இறைக்க இயந்திரம் தேடி 1811இல் பிரான்சிஸ்கோ உவீல் இங்கிலாந்துக்கு வந்தார். ஜேம்ஸ் வாட்டின் நிறுவனம் கைவிரித்தது.

வாட்டின் இயந்திரங்களைக் கழுதைப் பாதையில் ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் காற்று. அவற்றின் கொதிகலனில் நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதல். பிஸ்டனின் ஒரு பக்கம் நீராவியைக் குளிரவைத்து வெற்றிடம் உண்டாக்கினால்தான் மறுபக்கத்து நீராவி அதை வலுவாகத் தள்ளும். காற்று மெலிந்தால் அந்த வலுவும் குறையும்; செர்ரோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான்.

ஊர் திரும்பும் முன், லண்டன் கடையொன்றில் சிறிய நீராவி இயந்திர மாதிரி ஒன்றைக் கண்டு உவீல் வாங்கிப்போனார். செர்ரோவின் மெலிந்த காற்றிலும் அது ஓடியது! அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் டிரெவிதிக். 1771இல் கார்ன்வாலின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களுக்கு நடுவே பிறந்தவர். வெற்றிடத்தை நம்பாமல், பலமடங்கு அழுத்தமுள்ள நீராவியையே பிஸ்டனைத் தள்ளவைத்தார். குளிர்விக்கும் கருவி தேவையில்லை, உருளையும் சிறுத்தது.

ஆபத்தும் இருந்தது. 1803இல் கிரீனிச்சில் அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்து உயிர்கள் போயின. அதன் பிறகு இரண்டு பாதுகாப்பு வால்வுகளைப் பொருத்தினார். நீர் குறைந்து சூடேறினால் உருகி, நெருப்பின்மேல் நீராவியைப் பாய்ச்சும் ஈயத் தக்கையையும் சேர்த்தார். அடுத்த ஆண்டு வேல்ஸில் அவருடைய ரயில் இயந்திரம் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துச் சென்றது.

1814இல் பெருவுக்கு 9 இயந்திரங்கள் கப்பலேறின. கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவுக்குப் பாகங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. 1816இல் டிரெவிதிக்கும் கிளம்பினார். பெருவின் விடுதலைப் போர் சுரங்கங்களை நாசமாக்க, கோஸ்டாரிகா வழியாக அலைந்து, கார்ட்டஹீனாவில் கையில் காசில்லாமல் நின்றார். அங்கே தற்செயலாகச் சந்தித்த இளம் பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கொடுத்த 50 பவுனில் 1827இல் ஊர் சேர்ந்தார்.

1828இல் நாடாளுமன்றத்திடம் உதவித்தொகை கேட்டார். கிடைக்கவில்லை. அது பெரிய அநியாயம். வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கியில் விட்டு நெருப்பைத் தூண்டும் உத்தியை 1804லேயே தன் ரயில் இயந்திரத்தில் கையாண்டவர் அவர். 1829இல் ஸ்டீஃபன்சனின் 'ராக்கெட்' ரயில் இயந்திரம் போட்டியில் வென்று புகழ்பெற்றபோது, அதன் புகைபோக்கியிலும் அதே உத்தி வேலை செய்துகொண்டிருந்தது.